தொண்டிற்கும் கூலி உண்டு

மே மாதத்தில் ஏற்காடு மூன்று கூட்டங்களைக் காண்கிறது. கோடை விழாவையும் மலர்க் கண்காட்சியையும் காண ஏறி வருவோர் ஒரு கூட்டம். சேர்வராயன் கோயில் திருவிழாவிற்காக மலைக் கிராமங்களிலிருந்து திரள்வோர் இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டம் எதிர்த்திசையில் செல்வது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கும் மாணவியரும் அவர்தம் பெற்றோருமே அந்தக் கூட்டம். காப்பித் தோட்டத் தொழிலாளரின் பெண்மக்கள், மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் எனப் பலர் அதில் உண்டு.

'என்ன படிக்கப் போகிறாய்?' என்று வினவினால், பலரிடமிருந்தும் வரும் விடை 'நர்சிங்' என்பதே. ஆசிரியப் பயிற்சி முடித்தோர் வேலைக்குக் காத்திருந்து நரைத்ததை இக்குடும்பங்கள் பார்த்துவிட்டன. பொறியியல் படித்தோர் துணிக்கடையில் நிற்பதையும் பார்த்துவிட்டன. நோய் உள்ளவரை நர்சுக்கு வேலை உண்டு என்னும் நம்பிக்கை ஒன்றே எஞ்சியிருக்கிறது.

அதே மே மாதம் 12-ஆம் நாள், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆலயங்களில் சிறப்பு மன்றாட்டு. மருத்துவமனைகளில் மெழுகுதிரி ஏந்திய உறுதிமொழி. மேடைகளில் வெண்ணுடைத் தேவதைகள் என்னும் புகழாரம். புகழ்ச்சிக்குக் குறைவில்லை. குறை இருப்பது சம்பளப் பட்டியலில். செவிலியர் பணியைத் தொண்டு என்று போற்றும் நாவே, அச்சொல்லைக் காட்டி அவர்களுடைய கூலியைக் குறைத்து வருகிறது என்பதே நமது குற்றச்சாட்டு. அரசும் இதனைச் செய்கிறது; தனியார் மருத்துவமனைகளும் செய்கின்றன. நற்செய்தியின் பெயரால் நடைபெறும் ஒரு நிறுவனம் இதனைச் செய்யுமானால், அது இருமடங்கு பழிக்குரியது.

வாயிலில் நெரிசல்

செவிலியர் கல்விக்கு மூன்று வழிகள் உள்ளன: நான்காண்டுப் பட்டப்படிப்பு, மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, ஈராண்டுத் துணைச் செவிலியர் பயிற்சி. தமிழ்நாட்டில் அரசு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்துள்ளன. அரசுக் கல்லூரிகளில் உள்ள பட்டப்படிப்பு இடங்களோ மாநிலம் முழுமைக்கும் சில நூறே. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை நாடெங்கும் 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டின் பங்கு 11. அவை எல்லாம் முழுமையாக இயங்கினாலும், விண்ணப்பிப்போரின் எண்ணிக்கைக்கு முன் அது யானைப் பசிக்குச் சோளப்பொரியே.

மலைப் பிள்ளைகளுக்கு இந்நெரிசல் இன்னும் கொடியது. ஏற்காடு கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். 1894-இல் திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியும் 1917-இல் மான்ஃபோர்ட் பள்ளியும் இங்கே தொடங்கப்பட்டன. வெளியூர்ப் பிள்ளைகள் படிப்பதற்காக இம்மலைக்கு ஏறி வருகின்றனர். மலையிலேயே பிறந்த பிள்ளையோ மேற்படிப்புக்காக இறங்கியே தீர வேண்டும். பழங்குடியினருக்குத் தமிழ்நாடு ஒதுக்கும் இடம் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றையும் நீலகிரி முதல் கல்வராயன் வரையுள்ள எல்லா மலைகளின் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதனை வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கே உரியது. விசாரணை முடிந்து சான்றிதழ் வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டால், தொண்ணூறு விழுக்காடு மதிப்பெண்ணும் பயனற்றதாகும்.

தோட்டங்களில் உழைக்கும் தலித் கிறிஸ்தவரின் நிலை வேறு. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவாக, அவர்கள் பட்டியல் சாதியினர்க்குரிய இடத்தைக் கோர இயலாது. பிற்படுத்தப்பட்டோர் வரிசையில், தம்மினும் வசதி மிக்கோருடன் அவர்கள் போட்டியிட வேண்டும். ஒரே தோட்டத்தில், ஒரே கூலிக்கு, ஒரே காப்பிப் பழத்தைப் பறிக்கும் இரு தாய்மாரின் மகளிர், திருமுழுக்குப் பெற்றதையொட்டி இரு வேறு வரிசைகளில் நிற்கின்றனர்.

அரசு வாயில் மூடியதும் தனியார் வாயில் திறக்கிறது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுயநிதிக் கல்லூரிகள் உள்ளன. நன்றாக நடப்பவை அவற்றில் பல. எனினும் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தகப்பனுக்கு, நல்லதையும் போலியையும் பிரித்தறிய யார் துணை? செவிலியர் பள்ளி என்றால் அதற்குக் குறைந்தது நூறு படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை ஒன்று வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளர் வீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதி. விதி காகிதத்திலேயே நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை மத்தியப் பிரதேசம் காட்டியது. அங்கே தகுதியற்ற கல்லூரிகளைப் பற்றி வழக்கு எழுந்து, தேர்வுகள் தடைப்பட்டு, மாணவியரின் ஆண்டுகள் வீணாயின. உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் விசாரணையை ஒப்படைத்தது. ஆய்வு செய்யச் சென்ற அத்துறை அலுவலரிலேயே சிலர், சாதகமான அறிக்கை தரக் கையூட்டுப் பெற்றதாக 2024 மே மாதத்தில் கைது செய்யப்பட்டனர். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

படித்து முடித்த பின்

இத்தனை இடர்களையும் தாண்டிச் சீருடை அணிந்தவளுக்குக் காத்திருப்பது யாது?

தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட செவிலியரை ஒப்பந்த முறையில் அமர்த்தியது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 257 ரூபாய்க்கும் குறைவு. ஈராண்டில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் அவர்கள் உழைத்தனர். ஈராண்டு கடந்தது, நம்பிக்கை நிறைவேறவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் அமர்ந்து போராடினர். உயர்நீதிமன்றம் போராட்டத்திற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் நாட்கூலி 205 ரூபாய். உயிர் காக்கும் பயிற்சி பெற்றவளுக்கும் மண் வெட்டும் தாய்க்கும் இடையே அரசு கண்ட வேறுபாடு ஏறத்தாழ ஐம்பது ரூபாய். மண் வெட்டும் தாயின் உழைப்பை நாம் தாழ்த்தவில்லை. அவளுடைய கூலியும் போதாது. அவள் தன் கூலியைச் சேமித்துப் படிக்கவைத்த மகளின் கூலியும் போதாது என்பதே துயரம்.

2020-இல் கொரோனா வந்தது. மக்கள் மாடியில் நின்று கைதட்டினர். அரசு மேலும் சில ஆயிரம் செவிலியரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. பெற்ற மக்களும் அருகில் வர அஞ்சிய நோயாளருக்கு அவர்களே நீர் புகட்டினர். பெருந்தொற்றுத் தணிந்தது, 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு அவர்களில் ஏறக்குறைய 2,300 பேரின் பணி முடிந்ததென்று அரசு அறிவித்தது. புத்தாண்டு நாளில் பலர் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தபோது, நம் சேலம் மாநகரிலேயே அச்செவிலியர் வீதியில் இறங்கினர். மாற்று வேலை தருவதாக அரசு கூறியது. அதுவும் நிரந்தரமற்ற வேலையே.

தனியார் மருத்துவமனைகளின் கதை நீண்டது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 சனவரி 29-இல் உச்சநீதிமன்றம் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசைப் பணித்தது. குழுவின் பரிந்துரை தெளிவானது: இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், நூறு முதல் இருநூறு வரையுள்ளவை அதிலிருந்து பத்து விழுக்காட்டிற்கு மேல் குறைக்கலாகாது, ஐம்பது முதல் நூறு வரையுள்ளவை இருபத்தைந்து விழுக்காட்டிற்கு மேல் குறைக்கலாகாது, ஐம்பதிற்கும் குறைந்த சிறு மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். கேரளச் செவிலியர் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பெற்றனர். பிற மாநிலங்களில் அந்தப் பரிந்துரை பெரும்பாலும் பரிந்துரையாகவே உறங்குகிறது.

எஞ்சியிருப்பது கடல் கடந்த வேலை. அதற்கும் விலை உண்டு. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே அகப்பட்ட 46 இந்தியச் செவிலியர் சூலை 5-இல் கொச்சிக்குத் திரும்பினர். ஒருவரைத் தவிர ஏனையோர் கேரளத்தினர். அந்த ஒருவர் தூத்துக்குடிப் பெண். குண்டுகள் விழுந்தபோதும் திரும்பி வர அவர்களுள் பலர் தயங்கியது ஏன்? ஊரில் கடன் இருந்தது. மாதக் கணக்கில் சம்பளம் வராமல் இருந்தது. போரைவிடக் கடன்காரனுக்கு அஞ்சும் நிலையில் ஒரு பெண்ணை வைத்திருக்கும் சமுதாயம், அவளைத் தேவதை என்று அழைப்பதில் பொருள் என்ன? அடுத்த ஆண்டே, குவைத் வேலைக்குச் சட்டப்படி வாங்கத்தக்க 19,500 ரூபாய்க்குப் பதிலாக 19 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வரை பெற்றதாக ஒரு முகவர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை, 2023-இல் உலகிற்கு 58 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாகக் கூறுகிறது. எனில் பற்றாக்குறை எங்கே? வேலை தேடி அலையும் பெண்களுக்குப் பஞ்சமில்லை. கவனிப்பாரின்றிக் கிடக்கும் நோயாளருக்கும் பஞ்சமில்லை. இருவரையும் இணைக்கும் ஊதியத்திற்கே பஞ்சம். பணியிடம் உருவாக்க மனமில்லாதவர் ஆட்பற்றாக்குறை என்று முறையிடுவது, உலையில் அரிசியிடாமல் பந்திக்கு ஆள் வரவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

சமாரியர் கொடுத்த காசு

இங்கே தொண்டு என்னும் சொல்லுக்கு வருவோம். செவிலி என்னும் சொல்லைச் சங்கப் புலவர் வளர்ப்புத் தாய்க்கு வழங்கினர். திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் நான்காவது உறுப்பாகச் சேர்த்தே மருத்துவத்தை வரையறுத்தார். ஆகவே இப்பணி உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. உயர்ந்த பணிக்குக் குறைந்த கூலி போதும் என்னும் கணக்கைத்தான் எதிர்க்கிறோம். மருத்துவரின் பணியும் தொண்டே. அவரிடம் யாரும் அச்சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதில்லை.

கத்தோலிக்க மருத்துவமனைகள் பலவற்றின் சுவரில் நல்ல சமாரியர் ஓவியம் உண்டு. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுவது அதில் வரையப்பட்டிருக்கும். உவமை அவ்விடத்தில் முடியவில்லை. மறுநாள் சமாரியர் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகக் கூறினார். தெனாரியம் என்பது ஒரு நாட்கூலி. திராட்சைத் தோட்ட வேலையாளர் உவமையில் நாள் முழுதும் உழைத்தவருக்குப் பேசப்பட்டது அதுவே. இரண்டு நாட்கூலியை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்கும் வாக்களித்துச் சென்றார் சமாரியர். 'இது தொண்டு அல்லவா, இலவசமாகப் பார்த்துக்கொள்' என்று அவர் சொல்லவில்லை. இரக்கத்தைத் தன் பையிலிருந்து செலவிட்டார். பிறருடைய உழைப்பிலிருந்து பிடித்துக்கொள்ளவில்லை.

வேலையாளின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்ட நூலின் கட்டளை. பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளின் செவிகளில் கூக்குரலிடுகிறது என்று எச்சரிப்பது யாக்கோபின் திருமுகம். 1891 மே 15-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடல், தேவையின் நெருக்கத்தால் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ளும் தொழிலாளி வன்முறைக்கு இரையானவரே என்று போதித்தது. 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அப்பெயரைத் தாம் ஏற்றதற்கு அச்சுற்றுமடலையே முதன்மைக் காரணமாகக் கூறினார். 'அவளே கையெழுத்திட்டுத்தானே சேர்ந்தாள்' என்று வாதிடும் நிர்வாகிக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே விடை தரப்பட்டுவிட்டது.

மூன்று மறுப்புகள்

ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்யும் மருத்துவமனை எவ்வாறு நிறைவான சம்பளம் கொடுக்கும் என்பது முதல் மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. சிற்றூர் மருத்துவமனைகளை அருள்சகோதரியர் எத்துணை இடர்களுக்கிடையே நடத்துகின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு ஏழை நோயாளியின் கட்டணத்தை இன்னொரு ஏழையின் மகள் செலுத்துவது அறமாகுமா? இலவசத்திற்குரிய செலவை நன்கொடையாளரும் பங்குகளும் மறைமாவட்டமும் சுமக்கட்டும். துறவறத்தார் ஏழ்மை வாக்குறுதியை விரும்பி ஏற்றவர்கள். முதுமையில் அவர்களைச் சபை காக்கும். பொதுநிலைச் செவிலி அவ்வாக்குறுதி எடுத்தவள் அல்லள். வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் பெற்றோரின் மருந்தும் அவளுடைய சம்பளத்தை நம்பியிருக்கின்றன.

பயிற்சி முடிந்ததும் வெளிநாட்டிற்குப் பறந்துவிடுவதால் ஒப்பந்தப் பத்திரம் தேவை என்பது இரண்டாவது மறுப்பு. பத்திரத்தில் கட்டுண்டு, மூலச் சான்றிதழைப் பறிகொடுத்து நிற்பவள் ஊழியரா, பிணையாளா? செவிலியர் குழுமமே இம்முறையை எதிர்த்துள்ளது. தங்கவைக்க வழி சான்றிதழைப் பூட்டுவது அன்று. தங்கத் தகுந்த ஊதியம் தருவது. மேலும், 1960-களில் கேரள இளம்பெண்களைச் செருமனி மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைப்பதில் திருச்சபையே முன்னின்றது. அன்று வழியனுப்பி வைத்தவர்கள் இன்று வழியை மறிப்பது முறையன்று.

இவ்வாறு எழுதினால் பெண்கள் மனந்தளர்ந்து படிக்கவே முன்வரமாட்டார்கள் என்பது மூன்றாவது. உண்மையைச் சொல்வதால் தளர்வோரைவிட, உண்மையை மறைத்ததால் கடனில் மூழ்குவோரே மிகுதி. விவரம் அறிந்து தெரிந்துகொள்பவளே இப்பணியில் நிலைத்து நிற்பாள்.

நாம் கேட்பவை

கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தை 1943-இல் நிறுவியவர் மருத்துவரும் துறவியுமான அருள்சகோதரி மேரி குளோரி. அந்த மரபின் பெயரால், கத்தோலிக்க நிறுவனங்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு கத்தோலிக்க மருத்துவமனையும் 2016-ஆம் ஆண்டுக் குழுவின் அளவுகோலைச் சட்டம் கட்டாயப்படுத்தும் முன்னரே ஏற்று, ஊதியப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேரளக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2017 சூலையில் தன் மருத்துவமனைகளில் ஊதியத்தை உயர்த்த முடிவு செய்தது. போராட்டம் வாயிற்படிக்கு வந்தபின் எடுத்த முடிவு அது. நம் பகுதியில் போராட்டத்திற்கு முன்னரே எடுக்கலாம்.

எந்த நிறுவனமும் மூலச் சான்றிதழைப் பிடித்துவைக்கலாகாது. செவிலியர் பள்ளிகள் சேர்க்கை விண்ணப்பத்தோடு, முந்தைய ஆண்டு முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், என்ன சம்பளம் என்பதை அச்சிட்டுத் தர வேண்டும்.

மலைப் பங்குகளில் கல்விக் குழுக்கள் தேர்வு முடிவுக்குப் பின் விழித்தெழுவதால் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் துணை நிற்க வேண்டும். பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவு கிடைக்க வழிகாட்ட வேண்டும். கல்லூரிக்குச் செவிலியர் குழுமத்தின் ஏற்பு உண்டா, தாய் மருத்துவமனை உண்டா என்று நேரில் சென்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாடு செல்வோர் முகவரிடம் சிக்காமல், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நாடச் செய்ய வேண்டும்.

அரசிடம் கேட்பது ஒன்றே. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசே வகுத்த நெறி. அந்நெறிப்படி மலையில் பணியிடங்களை உருவாக்கி, நிரந்தர ஊதியத்தில் மலைப் பெண்களையே அமர்த்தட்டும். இரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாய்க்கு, இருபது வளைவுகளுக்குக் கீழே உள்ள பெருமருத்துவமனையைவிட, பக்கத்து ஊரில் குடியிருக்கும் ஒரு செவிலியே முதல் நம்பிக்கை.

அடுத்த மே 12-இல் மீண்டும் மெழுகுதிரிகள் ஏற்றப்படும். மீண்டும் மன்றாட்டுகள் எழும். மன்றாடுவோம்; தவறில்லை. ஆனால் அம்மன்றாட்டில் எழுந்து நிற்கும் நிர்வாகிகள், தங்கள் நிறுவனத்தின் சம்பளப் புத்தகத்தை முந்தின நாள் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு ஆலயத்திற்கு வரட்டும். சமாரியர் மீதியைத் தருவதாகச் சொல்லிச் சென்றார். அவர் பெயரைச் சுவரில் எழுதியிருப்போர் அந்த மீதியைக் கொடுத்துத் தீர்க்கட்டும்.